பழைய கதவைக் கழற்றாமல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய தமிழாசிரியர் இரண்டு விதிகளை எழுதிவைத்துப் போயிருக்கிறார். பொருள் எதுவானாலும் தமிழில் பேச வேண்டும்; திரையில் படம் காட்டக் கூடாது. முதல் விதி எனக்குச் சந்தோஷம். இரண்டாவதுதான் கையைக் கட்டிவிட்டது. இதய மருத்துவர்கள் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தே பிழைப்பவர்கள். ஆகவே சட்டைப் பையில் இரண்டு பொருள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று பென்சில். இன்னொன்று சைக்கிள் கடையில் வாங்கிய வால்ட்யூப்.

வால்ட்யூபை அறியாத தலைமுறை முன்வரிசையில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். ட்யூபின் உலோகத் தண்டில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன்மேல் இந்த ரப்பர் குழலை உறைபோல மாட்டுவோம். பம்பு அடித்தால் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளே போன காற்றே ரப்பரை அழுத்தித் துளையை அடைத்துவிடும். மடையைத் திறக்க நீர்ப்பாய்ச்சி வர வேண்டும்; இதற்கு ஆள் வேண்டாம். அழுத்தம் எந்தப் பக்கம் கூடுதலோ அதுவே திறக்கும், அதுவே சாத்தும்.

இதயத்தில் இப்படி நான்கு கதவுகள். நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் ஒன்றைப் பற்றி. இடது கீழறையிலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் புறப்படுகிற இடத்தில், பெருந்தமனியின் வாசலில் இருக்கிற வால்வு அது. மூன்று இதழ்கள், வெங்காயச் சருகைப் போல மெல்லியவை. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. எண்பது வயதில் கணக்கு 300 கோடியைத் தொடும். எந்தக் கொல்லனும் இப்படி ஒரு கீல் செய்ததில்லை.

வயதாக ஆக, சிலருக்கு இந்த இதழ்களில் சுண்ணாம்பு படிகிறது. உப்புத் தண்ணீர்க் குழாய் அடைப்பதைப்போல என்று நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்வோம். பாதி உண்மைதான் அது. வால்வில் இருக்கும் செல்களே குணம் மாறி, எலும்பு செய்கிற வேலையைச் செய்ய ஆரம்பிக்கின்றன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவித் தின்றதால் வந்ததா என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை. பாலையும் கேழ்வரகையும் நிறுத்தினாலும் குறையாது. இதைத் தடுக்கிற மாத்திரை இன்றுவரை இல்லை. நல்ல நிலையில் 3 சதுர சென்டிமீட்டருக்கும் மேல் திறக்கிற வாசல், ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிடும். அப்போது கீழறைக்குள் அழுத்தம் 200 இருக்கும். வாசலுக்கு அந்தப் பக்கம் 120தான் இருக்கும். நடுவே காணாமல் போன 80, அந்தக் கல்லோடு மல்லுக்கட்டிச் செலவானது.

தாமிரபரணிக் கரையூர் ஒன்றிலிருந்து ஓர் ஆச்சி என்னிடம் வந்தார். வயது 79. வந்தது இதயத்துக்காக அல்ல. கண்புரை அறுவைக்கு முன் ஓர் இதய மருத்துவரின் கையெழுத்து வேண்டியிருந்தது; அதற்காக மகன் கூட்டி வந்திருந்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். அரம் போடுவதுபோல ஒரு கரகரப்பு, கழுத்துவரை ஏறிக் கேட்டது. மூச்சு வாங்குமா ஆச்சி என்றேன். இல்லை என்றார். நெஞ்சு அடைக்குமா? இல்லை. அடுத்துக் கேட்டேன்: “வத்தல் காயப்போட மொட்டை மாடிக்கு ஏறுவியளா?”

“அத ரெண்டு வருசமா மருமவ பாக்கா. எனக்கு வயசாயிட்டுல்லா.”

இந்த நோயில் மருத்துவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். மூச்சு வாங்கும் என்று தெரிந்ததும் உடம்பு மெல்ல மெல்ல அந்த வேலையை விட்டுவிடுகிறது. வேலையை விட்டதால் மூச்சு வாங்குவதில்லை. என்ன தொந்தரவு என்று கேட்பதைவிட, முன்பு செய்த எதை இப்போது செய்வதில்லை என்று கேட்பது நல்லது. மருத்துவ மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்கும்.

தொந்தரவு வெளிப்பட்ட பிறகு காலம் அதிகமில்லை. 1968இல் ராஸ், பிரான்வால்ட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் போட்ட கணக்கை நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். நெஞ்சுவலி வந்த பிறகு சராசரியாக 5 ஆண்டு, மயக்கம் வந்த பிறகு 3, மூச்சுத் திணறல் வந்த பிறகு 2. வால்வை மாற்றாவிட்டால்தான் இந்தக் கணக்கு.

மாற்றுவதற்கு வழி அப்போதே இருந்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரிடம், லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் 1958இல் வந்து, செயற்கை இதயம் செய்யலாம் வாருங்கள் என்றார். முதலில் ஒரு வால்வைச் செய்து பார்ப்போமே என்றார் ஸ்டார். கூண்டுக்குள் ஒரு பந்து. 1960இல் அதை மனித இதயத்தில் பொருத்தினார்கள். அன்றிலிருந்து வெகுகாலம் வால்வு மாற்றம் என்றால் முறை ஒன்றுதான். மார்பெலும்பை ரம்பத்தால் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்த ஓட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து, கல்லாகிப்போன வால்வைக் கொத்தனார் காரை பெயர்ப்பதுபோலத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் புதியதைத் தைப்பார்கள். அருமையான அறுவை அது. பல லட்சம் பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை.

ஆனால் ரம்பத்தைத் தாங்கும் உடம்பு வேண்டும். எண்பத்தைந்து வயது, பழுதான சிறுநீரகம், புகையால் அரித்த நுரையீரல் என்று வருபவரை அறுவை மருத்துவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிடுவார். மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்புவோம். வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ மகன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆச்சியிடம் விஷயத்தை விளக்கினேன். மார்பைத் திறக்க வேண்டாம், தொடையிடுக்கில் ஒரு துளைபோட்டு, ரத்தக்குழாய் வழியாகவே புதுக் கதவைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“சரி, அந்தப் பழச என்ன செய்வியோ? எடுத்துத் தூரப் போட்டுருவியளா?”

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பெரிய நிபுணர்கள் கேட்ட கேள்வி இது. அவர்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. முடியாது என்பதற்குக் காரணமாகச் சொன்னார்கள். பழைய கதவை எடுக்காமல் அதே நிலைக்குள் புதுக் கதவை எப்படி நிறுத்துவது? தைக்க வழியில்லை, ஆணி அடிக்க வழியில்லை. துடிக்கிற இதயம் ஒரே உந்தில் அதைப் பெருந்தமனிக்குள் தூக்கி எறிந்துவிடாதா?

பிரான்சில் ரூவான் என்ற ஊரில் அலென் கிரிபியே என்ற இதய மருத்துவர் இருந்தார். 1985இல், அறுவை மருத்துவர்கள் கைவிட்ட 72 வயதுப் பெண் ஒருவருக்கு, கல்லான வால்வுக்குள் பலூனை நுழைத்து ஊதி வாசலை அகலப்படுத்தினார். உலகம் பாராட்டியது. ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு வாசல் மறுபடி சுருங்கியது. பாராட்டியவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். கிரிபியே மட்டும் பலூன் விரிந்திருக்கும் அந்தச் சில நொடிகளை நினைத்துக்கொண்டே இருந்தார் என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில் வாசல் வட்டமாக, முழுதாகத் திறந்திருக்கிறது. அதை அப்படியே பிடித்து நிறுத்த ஒரு வளையம் இருந்தால்?

இந்த யோசனை இன்னொருவருக்கும் தனியாகவே வந்தது. டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன், 1989 பிப்ரவரியில் அமெரிக்காவில் அரிசோனாவில் நடந்த ஒரு மாநாட்டில், இதயத் தமனிக்குள் வைக்கும் ஸ்டெண்ட் பற்றி ஹூலியோ பல்மாஸ் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதையே பெரிதாகச் செய்து, உள்ளே ஒரு வால்வைத் தைத்தால் என்ன? ஊருக்குத் திரும்பி, கம்பியைக் கையால் வளைத்து, கறிக்கடையில் பன்றி இதயம் வாங்கி, அதன் வால்வைக் கம்பிச் சட்டத்தில் தைத்தார். அதே ஆண்டு மே 1 அன்று ஓர் உயிருள்ள பன்றிக்குள் அதை வைத்தும் காட்டினார். அவர் பயன்படுத்திய குழலின் குறுக்களவு 13 மில்லிமீட்டருக்கு மேல். இந்தப் பென்சிலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டுரையைச் சில இதழ்கள் திருப்பி அனுப்பின. 1992இல்தான் அச்சில் வந்தது. வந்த பிறகும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கிரிபியே அடுத்துச் செய்த ஒரு காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்தது. அதில் வீரசாகசம் எதுவும் கிடையாது. 1993-94இல் பிணவறையில், வால்வு கல்லாகி இறந்தவர்களின் இதயங்கள் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் 23 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்டெண்டை விரித்துப் பார்த்தார். மூன்று விஷயம் தெரிந்தது. எவ்வளவு கல்லாகியிருந்தாலும் வளையம் வட்டமாக விரிந்தது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகளின் வாய் அடைபடவில்லை. பிறகு அந்த ஸ்டெண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கல் அதைக் கவ்விப் பிடித்திருந்தது.

தடை என்று எல்லோரும் எதைச் சொன்னார்களோ அதுவே பிடிமானமாக இருந்தது. பழைய கதவைக் கழற்றினால் புதியது நிற்காது. கழற்றாமல் ஓரமாக ஒதுக்கி நசுக்கினால்தான் நிற்கும். ஆச்சிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். “எடுக்க மாட்டோம் ஆச்சி. அது கெட்டியா இருக்கதுனாலதான் புதுசு நிக்கும்.” அவருக்கு அது பிடித்திருந்தது. பழசுக்கும் ஒரு வேலை இருக்கே என்றார்.

இவ்வளவு தெளிவான சான்று கையில் இருந்தும் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் கையை விரித்தன. 1999இல் கிரிபியேயும் சில நண்பர்களும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். இஸ்ரேலியப் பொறியாளர்கள் சட்டத்தை வடிவமைத்தார்கள், செம்மறியாடுகளில் சோதித்தார்கள். 2004இல் அந்தச் சிறு நிறுவனத்தை வாங்கியது யார் தெரியுமா? கூண்டுப் பந்து செய்த லோவெல் எட்வர்ட்ஸ் தொடங்கிய நிறுவனத்தின் வாரிசு.

மனிதனுக்கு முதலில் வைத்தது 2002 ஏப்ரல் 16 அன்று. நோயாளிக்கு வயது 57. இதயம் ஏறக்குறைய நின்றுபோகும் நிலை. அறுவை மருத்துவர்கள் கைவிட்டாயிற்று. பலூனும் பயன் தரவில்லை. கால் தமனிகள் அடைத்திருந்ததால் நேர்வழியும் இல்லை. கிரிபியே தொடைச் சிரை வழியாக வலது மேலறைக்குப் போய், மேலறைகளுக்கு நடுச்சுவரைத் துளைத்து இடது பக்கம் வந்து, இன்னொரு வால்வைக் கடந்து கீழறைக்குள் இறங்கி, அங்கிருந்து மேலே திரும்பி வாசலுக்கு வந்தார். நெல்லையப்பர் சன்னதிக்குப் போக மேலரத வீதி சுற்றிப் பின்வாசலால் நுழைந்ததுபோல. வால்வு விரிந்தது, ரத்த அழுத்தம் ஏறியது, முகத்தில் நிறம் திரும்பியது. அந்த மனிதர் நான்கு மாதம் இருந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது கால் தமனி நோயின் சிக்கல். வால்வு அதுவரை நன்றாகவே வேலை செய்தது. கிரிபியே 2024 பிப்ரவரியில் காலமானார்.

பின்னர் கனடாவில் ஜான் வெப், தொடைத் தமனி வழியாக நேராக மேலேறும் பாதையைச் சீராக்கினார். இன்று நாங்கள் போகும் பாதை அதுதான். இதைச் சுருக்கமாக ‘டாவி’ என்கிறோம். ஆச்சிக்குச் செய்த நாளை வைத்தே சொல்கிறேன்.

முந்தைய வாரமே சி.டி. ஸ்கேனில் வாசலின் சுற்றளவு, கல் எங்கெங்கே எவ்வளவு, தொடைத் தமனி எவ்வளவு அகலம் என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்தாயிற்று. வேலையில் பாதி அந்த அளவெடுப்பிலேயே முடிந்துவிடும். தையற்காரர் அளவு தப்பினால் சட்டை போச்சு, இங்கே ஆள். வால்வின் இதழ்கள் பசுவினத்து மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் வெட்டியவை. பதப்படுத்திய திரவத்திலிருந்து எடுத்து அலசி, பலூன்மேல் வைத்து, ஒரு கருவியால் சுற்றிலும் நெருக்கிச் சுருக்குவார்கள். 23 மில்லிமீட்டர் வால்வு, 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழல் வழியாகப் போகும் அளவுக்கு ஒடுங்கும். இந்தப் பென்சிலைவிட ஒல்லி. ஆரம்ப காலத்துக் குழல் 8 மில்லிமீட்டர்.

மாடு என்றதும் அவையில் ஒரு சலசலப்பு. ஆச்சி வீட்டிலும் இருந்தது. சைவக் குடும்பம். மகன் தயங்கினார், குருநாதரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சொல்லாமல் வைத்துவிடுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு, உடம்பு அவர்களுடையது. மறுநாள் ஆச்சியே சொல்லிவிட்டார்: “பால் குடுத்தது, சாணி குடுத்தது, இதையும் குடுக்கட்டும்.”

மயக்க மருந்து முழுதாகக் கொடுக்கவில்லை, லேசான உறக்கம்தான். மெல்லிய கம்பி ஒன்று முன்னே போகும், அதைப் பிடித்துக்கொண்டு வால்வு போகும். வால்வு வாசலில் வந்து நின்றதும் ஒரு சிக்கல். இதயம் துடிக்கத் துடிக்க, பலூனை ஊதினால் அது வழுக்கும். அதனால் ஒரு தற்காலிக பேஸ்மேக்கரால் இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 என்று ஓட்டுவோம். அத்தனை வேகத்தில் அது நடுங்குமே தவிர ரத்தத்தை வெளியே தள்ளாது. திரையில் அழுத்தக் கோடு படுத்துவிடும். அந்தச் சில நொடிகளில் அறையில் யாரும் பேச மாட்டோம். பலூன் விரியும், சுருங்கும், பேஸ்மேக்கரை நிறுத்துவோம். கோடு எழ வேண்டும். எத்தனை பேருக்குச் செய்திருந்தாலும் அந்தக் கோடு எழும்வரை என் வயிற்றில் ஒரு பிசைவு இருக்கும். எழுந்த பிறகு கீழறையின் கோடும் பெருந்தமனியின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைப் பார்ப்போம். காணாமல் போன அந்த 80 திரும்ப வந்துவிட்டது.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் விளம்பரமாகிவிடும். கவ்விப் பிடிக்கிற அதே கல் கேடும் செய்யும். ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் புது வால்வுக்கும் சுவருக்கும் நடுவே சந்து விழுந்து ரத்தம் கசியும். பொடி உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இதயத்தின் மின்நரம்பு வாசலுக்கு ஒட்டிக் கீழே ஓடுகிறது. அதை நசுக்கினால் நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். 2010இல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வு, அறுவைக்கே ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 பேரை எடுத்துக்கொண்டது. வழக்கமான சிகிச்சையில் ஓராண்டுக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். டாவி செய்தவர்களில் 30.7. ஆனால் முதல் மாதத்தில் பெரிய பக்கவாதம் டாவி பக்கம் 5 சதவீதம், மறுபக்கம் ஏறத்தாழ ஒன்று. இரண்டு எண்ணையும் சேர்த்தே நோயாளியிடம் சொல்ல வேண்டும். 2019இல் அறுவையைத் தாங்கக்கூடிய நல்ல உடம்புக்காரர்கள் ஆயிரம் பேரிடம் செய்த ஆய்விலும் ஓராண்டுக் கணக்கில் டாவி முந்தியது. அங்கே சராசரி வயது 73. ஐம்பது வயதுக்காரர் அந்த எண்ணைக் காட்டி எனக்கும் இதையே செய்யுங்கள் என்று வந்தால் நான் அவசரப்பட மாட்டேன். மாட்டுச் சவ்வு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அவருடைய ஆயுளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு.

செலவு? பல லட்சம். இப்போது குஜராத்தின் வாப்பியிலேயே ஒரு நிறுவனம் இந்த வால்வைச் செய்கிறது. ஆனாலும் ஆச்சியின் மகன் ஒரு வயலை விற்றார். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் என் அறையில் ஆச்சி உட்கார்ந்த அதே நாற்காலியில் சில மாதம் கழித்து ஒரு பெண் உட்கார்ந்தாள். வயது 23. சங்கரன்கோவில் பக்கம், விசைத்தறி வீட்டுப் பெண். அவளுக்குக் கெட்டிருந்தது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு. ஆச்சிக்கு வந்தது வயது கொடுத்த நோய். இவளுக்கு வந்தது, சிறுவயதில் ஒரு கிருமி தொண்டையில் வந்து தங்கி, உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போடுவதாக நினைத்துத் தன் வால்வையே கடித்துக் குதறிய நோய். வாதக் காய்ச்சல். பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நெருக்கடியான வீடுகளில், ஒரே பாயில் நாலு பிள்ளை படுக்கிற இடத்தில் இன்னும் இருக்கிறது.

இந்த நோயில் இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு வாசல் சுருங்குவது மட்டுமே சிக்கலென்றால், ஜப்பானின் கான்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த பலூனால் பிரித்துவிடலாம். நம் ஊர் மருத்துவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். இவளுக்குச் சுருக்கத்தோடு பெரிய கசிவும் சேர்ந்திருந்தது. பலூன் ஆகாது. வால்வை மாற்றத்தான் வேண்டும்.

ஆச்சியின் சேதி அவள் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. “அந்தப் பாட்டிக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் கால் வழியா வைக்க முடியாதா சார்?” என்றாள். தாலிக்கயிறு போடுகிற இடத்தில் தழும்பு வரும் என்பது அவள் அம்மாவின் கவலை.

முடியாது. அவள் வால்வில் கல் இல்லை. வாசலின் நிலைச்சட்டமும் பெரியது, வட்டமாகவும் இராது. புது வால்வு கவ்வ அங்கே எதுவும் கிடையாது. கவ்வினாலும் இளம் உடம்பில் மாட்டுச் சவ்வு சீக்கிரம் சுண்ணாம்பு பிடித்துக் கெடும். எண்பது வயதுக்கென்று உருவான வித்தை இது. அந்த வயதின் நோயையே தூணாக வைத்துக் கட்டியது. இருபத்து மூன்று வயதுக்காரியிடம் அந்தத் தூண் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவளுக்கு மார்பைத் திறந்து அறுவை நடந்தது. வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் எம். எஸ். வலியத்தானின் குழு பல ஆண்டு உழைத்து, மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவதில் ஜெயித்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. உலோகக் கூண்டுக்குள் சாய்ந்து சாய்ந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. இறக்குமதி வால்வின் விலையில் ஒரு பகுதிதான் இதன் விலை. சென்னையின் டி.டி.கே. நிறுவனம் செய்து தருகிறது. இதுவரை லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாயிற்று. இதைப் பற்றி இன்னொரு அறக்கட்டளைச் சொற்பொழிவே நிகழ்த்தலாம். அழைத்தால் வருகிறேன்.

ஆச்சி மறுநாள் மாலை நடந்தார். நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். இப்போது மாடிக்கு ஏறி வத்தலைக் கிளறிக்கொண்டு மருமகளோடு சண்டை போடுகிறாராம்.

அந்தப் பெண் மாதாமாதம் வருகிறாள். உலோக வால்வு என்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அதன் அளவைச் சரிபார்க்க ரத்தப் பரிசோதனை. கிருமி மறுபடி வராமலிருக்க பெனிசிலினும் உண்டு. உறையா மருந்து சாப்பிடுகிறவளுக்கு ஊசி போட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் அதுவும் மாத்திரைதான். போன தடவை வந்தபோது சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று திரும்பி, தங்கைக்கு மூன்று நாளாகத் தொண்டை வலி, காய்ச்சலும் இருக்கிறது, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதுமா சார் என்றாள். போதாது, நாளைக்கே கூட்டிக்கொண்டு வா என்றேன். காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள்.